பைபோலாரும் அன்றாடப் பழக்கங்களும்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

மனநிலை மிகையாக எழுவதும் ஆழ்ந்த சோர்வில் விழுவதுமாக மாறும் பைபோலார் நோய் உள்ள என் தம்பி மூன்று நாளாக நான்கு மணி நேரம்தான் தூங்குகிறான். கேட்டால், "களைப்பே இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்கிறான். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இன்றே அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். தூக்கம் வராமல் புரண்டு படுப்பவர் மறுநாள் துவண்டுபோவார். தூக்கமே தேவைப்படாதவர் போல இருப்பது வேறு விஷயம். மேனியா எனும் மிகை எழுச்சி தொடங்குவதற்கு அது முக்கியமான அறிகுறி. தூக்கக் குறைவே அந்த எழுச்சியைத் தூண்டவும் செய்யும் என்பதால் நாள் கடத்தக் கூடாது. பேச்சு வேகம், செலவு, எரிச்சல் இவையும் கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். தம்பி பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றும். உங்களைப் போன்ற ஒருவர் அருகில் இருப்பது அவருக்குப் பெரிய பாதுகாப்பு. இரவில் வெளிச்சத்தைக் குறைத்து, வாக்குவாதத்தைத் தவிர்த்து, படுக்க வையுங்கள்.

மாறி மாறி வரும் ஷிப்ட் வேலை பார்க்கலாமா?

முடிந்தவரை வேண்டாம் என்பேன். எழும் நேரம், சாப்பிடும் நேரம், மனிதர்களைச் சந்திக்கும் நேரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதையே மையமாக வைத்து, எல்லென் ஃப்ராங்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பைபோலாருக்கு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். ஒன்றிலிருந்து தொடங்குவதென்றால் எழும் நேரத்தைப் பிடியுங்கள். விடுமுறை நாளிலும் அதே நேரம்.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். காபியை நிறுத்தினால் நல்லதுதானே?

மாலைக் காபியை விடுவது தூக்கத்துக்கு நல்லது. ஆனால் நிறையக் குடித்துப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறக்கூடும், ஏனென்றால் காபியில் உள்ள காஃபின் அதைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றுகிறது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். உப்பும் அப்படித்தான்: திடீரென்று குறைத்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிக வியர்வை எல்லாமே உடலில் நீரையும் உப்பையும் குறைப்பதால் ஆபத்து. வலிக்கு ஐபுப்ரோஃபென் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதுவும் லித்தியம் அளவை ஏற்றும். லித்தியம் அளவு மீறியதன் அறிகுறிகளான கை நடுக்கம் கூடுதல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தினமும் ஓடுகிறேன், மனம் தெளிவாக இருக்கிறது. மாத்திரையை விட்டுவிடலாமா?

ஓடுவதை விடாதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தியவர்களுக்கு மேனியா விரைவில் திரும்புவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம், தற்கொலை அபாயமும் கூடுகிறது. மனம் எழுச்சியில் இருக்கும் நாட்களில் இரவு நேரக் கடும் பயிற்சி வேண்டாம்; காலையில் நடந்தால் போதும்.

எப்போதாவது மது?

தவிர்ப்பதே நல்லது. தூக்கத்தைக் கெடுத்து மனச்சோர்வை ஆழமாக்கும்.

மருத்துவரிடம் போகும்போது என்ன எடுத்துப் போவது?

ஒரு சிறு நோட்டு. தினமும் ஒரு வரி: தூங்கிய மணி, எழுந்த நேரம், மாத்திரை போட்டதா, மனநிலைக்கு மைனஸ் 5 (கடும் சோர்வு) முதல் பிளஸ் 5 (கடும் எழுச்சி) வரை ஒரு எண். விட்டுப்போன நாட்களைப் பின்னால் யோசித்து நிரப்பாதீர்கள், காலியாகவே இருக்கட்டும்.