டிரங்குப் பெட்டி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் ஒரு நொத்தேரிடம் (பத்திரம் எழுதிப் பதிகிற பிரெஞ்சு அதிகாரி) எழுத்தராக இருந்தவர். வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். மாடியில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதங்கள். நானும் தம்பியும் ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தோம். பத்திரங்கள், கவர்னர் மாளிகை அழைப்பிதழ்கள், பெரிய மனிதர்களின் கடிதங்கள் எல்லாம் தனியாக. இரண்டு கடிதங்களை லேமினேட் செய்துவிட்டோம். 1949-லிருந்து எழுதிய பால் கணக்கு, சலவைக் கணக்கு, மொய் நோட்டுகள் எல்லாம் மூன்று மூட்டை. பழைய பேப்பருக்குப் போடக் கட்டி வைத்திருக்கிறோம். முக்கியமானவற்றை எந்த ஆவணக் காப்பகத்தில் கொடுக்கலாம்? சின்னத் தாத்தாவின் இன்னொரு குடும்பம் பற்றிச் சில கடிதங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிடலாமா?

ஒரு வாசகி, புதுச்சேரி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த மூன்று மூட்டைகளையும் திரும்ப மாடிக்கு ஏற்றுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

ஏற்றியாயிற்றா? சரி.

என் அப்பா இறந்த வருஷம் நானும் இப்படித்தான் உட்கார்ந்து பிரித்தேன். உங்களுக்காவது தம்பி இருந்தார், நான் தனியாகவே செய்த புத்திசாலித்தனம் அது. அப்பாவுக்கு ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாராட்டு மடலைக் கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்து வைத்தேன். நோட்டுகளைச் சாக்கில் கட்டிப் பேப்பர்காரரிடம் போட்டேன். பதினான்கு கிலோ. அதில் அப்பா அம்மா கல்யாணத்து மொய் நோட்டும் போய்விட்டது என்று தெரிந்தது ஒரு மாதம் கழித்து, ஏதோ கல்யாணத்துக்குப் புறப்படும்போது அம்மா அதைத் தேடியபோதுதான். திட்டவில்லை. வெற்றுக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "அவங்க நமக்கு என்ன செஞ்சாங்கன்னு தெரியலையே" என்று நின்றாள்.

அந்த நோட்டில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு வரி. "ஈயம் பூசுகிற பாய் - ரூ. 1, வெற்றிலை ஒரு கவுளி." எங்கள் தெருவுக்கு ஈயம் பூச ஒருவர் வந்தார், அவர் கல்யாணத்துக்கு அழைக்கப்படுகிற அளவுக்கு வேண்டியவராக இருந்தார், வெறும் கையோடு வரவில்லை என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. பாராட்டு மடல் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761-இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சிந்தியாவின் தலைநகரம், துய்ப்ளே கவர்னர், பிள்ளை 1747-லிருந்து அவருக்குத் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்த்துச் சொல்லி வியாபாரமும் முடித்துக்கொடுக்கிற இடைநிலை ஆள். முக்கியமான விஷயங்களை மட்டும் எழுதவேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் நியாயம்தான். ஆனால் காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது, போனது எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறார். யார் வந்தபோது மரியாதைக்கு எத்தனை பீரங்கிக் குண்டு போட்டார்கள் என்று எண்ணி எண்ணி எழுதுகிறார். படிக்கிறபோது முதலில் அலுப்பாக இருக்கும். கொஞ்ச நாளில், குண்டுகளின் எண்ணிக்கையை வைத்தே ஊரில் யாருக்கு என்ன மதிப்பு என்று நமக்கும் தெரிய ஆரம்பித்துவிடும்.

அவருக்கு முன்பு துபாஷாக இருந்தவர் கனகராய முதலியார், கிறிஸ்தவர். இறந்துபோன மகனின் நினைவாக ஒழுகரையில் கோயில் கட்டி 1745-இல் பெரிய விருந்து வைத்தார். கவர்னரும் பெண்சாதியும் போனார்கள். அதோடு விட்டிருந்தால் அது ஒரு செய்தி. பிள்ளை விடவில்லை. ஊரில் உள்ள சாதிக்காரர்களுக்கெல்லாம் எப்படித் தனித்தனியாகச் சமையல் ஏற்பாடு நடந்தது என்று எழுதிவைக்கிறார். மாதாகோயில் விருந்தில் பிராமணச் சமையல்! போட்டிக்காரர் வீட்டு விசேஷத்தைப் பார்க்கிற கண் அது, கூர்மைக்குக் கேட்கவேண்டுமா. துய்ப்ளேயின் அரசியலுக்குப் பிரான்சில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இந்தச் சமையலுக்கு அங்கே என்ன இருக்கப்போகிறது?

பிள்ளை இறந்த அதே ஜனவரியில் ஊர் இங்கிலீஷ்காரர் கையில் விழுந்தது. ஊரை இடித்துத் தள்ளினார்கள். காகிதம் குடும்பத்திடம் தங்கிவிட்டது. 1846-இல் கலுவா மொம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் பிரதி எடுக்கும்வரை 85 வருஷம், வாரிசுகள் யாரும் அதைக் கழித்துக்கட்டவில்லை. அங்கங்கே விடுபட்டுப் போனது போக மிஞ்சியதே ஆங்கிலத்தில் 12 தொகுதிகள், 1904-இல் ஆரம்பித்து 1928-இல்தான் முடிந்தது. அந்த வீட்டில் உங்கள் தம்பி மாதிரி சுறுசுறுப்பான ஒருவர் பிறந்திருந்தால்? கவர்னர் கொடுத்த சன்மானச் சீட்டு நாலு மிஞ்சியிருக்கும். லேமினேட் செய்து.

லேமினேட் என்றதும் நினைவு வருகிறது. அந்த இரண்டு கடிதங்களும் போனது போனதுதான். சூட்டில் உருகிய பசை காகிதத்தில் ஏறிவிட்டது, இனிமேல் பிரித்தால் கடிதமும் சேர்ந்து கிழியும். மூன்றாவதைத் தொடவேண்டாம். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். செல்லோடேப் கூடவே கூடாது. இன்னொன்று, ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கடிதத்துக்கு அடியில் எந்த ரசீது கிடந்தது என்பது தாத்தா வைத்துவிட்டுப் போன செய்தி அம்மா, அதைக் கலைத்துவிட்டீர்கள். ஞாபகம் இருக்கிறவரைக்கும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

எங்கே கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை உங்கள் ஊரிலேயே, ஜீவானந்தபுரத்தில் இருக்கிறது. போய்க் கேளுங்கள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு வீடுகளில் கிடந்த பழைய ஆவணங்களைப் படமெடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டுக்காரர்களிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறது. அங்கேயும் கேளுங்கள். யாரிடம் கொடுத்தாலும் மூட்டைகளோடு கொடுங்கள்.

சின்னத் தாத்தா விஷயத்தை இவ்வளவு பெரிதாக்க வேண்டாம். அந்தக் கடிதங்களை உறையில் போட்டு ஒட்டி, இத்தனை வருஷம் திறக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தால் போதும். காப்பகங்களில் அது வழக்கம்தான். அந்தப் பாட்டியும் ஒரு வீட்டில் அடுப்பு மூட்டி வாழ்ந்தவர்தானே.

எனக்கு உங்களிடம் ஒரு வேலை ஆகவேண்டும். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு, 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், நவம்பர் 1-இல் கொடி மாறியது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் மூட்டையைப் பிரித்து அந்த வருஷத்துப் பால் கணக்கை எடுங்கள். நவம்பர் 1 அன்றைக்குப் பால்காரர் வந்தாரா? வழக்கமான அளவுதான் வாங்கினார்களா, இல்லை, வீட்டுக்கு யாராவது வந்து கூடுதலாக வாங்கினார்களா? பார்த்து எழுதுங்கள். பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்புங்கள்.