மைன்கிராஃப்ட் கடல் ஏன் ஏறி இறங்குவதில்லை?

கேள்வி: சர்வைவல் கேம்களில் (பிழைத்துக் கிடப்பதே ஆட்டமாக இருக்கும் வீடியோ கேம்கள்) கடல் இருக்கிறது, நிலா இருக்கிறது, ஓதம் (கடல் ஏறி வற்றுவது) மட்டும் இல்லை. மைன்கிராஃப்டில் வருடக்கணக்காகத் தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கிறது. இவ்வளவு சம்பாதிப்பவர்களுக்கு இதைச் செய்ய என்ன கேடு? சோம்பேறித்தனம்தானே? (தூத்துக்குடி வாசகர் ஒருவர்)

பதில்: திட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். மைன்கிராஃப்டில் ஒரு நாள் என்பது 20 நிமிடம். நிஜக் கடல் முழுதாக ஏறி நின்றதிலிருந்து முழுதாக வற்ற ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். அதே விகிதத்தில் சுருக்கினால் 5 நிமிடம் சொச்சம். நீங்கள் சுரங்கத்தில் இறங்கி நாலு இரும்பை வெட்டிக்கொண்டு மேலே வருவதற்குள் கடல் இரண்டு தடவை வந்து போயிருக்கும். அதை நம்பி யார் என்ன திட்டம் போடுவது?

அப்புறம், அந்த உலகமே ஒரு மீட்டர் கட்டங்களால் ஆனது. கடல் ஒரே ஒரு கட்டம் ஏறினாலும் தட்டையான கரையோரம் மொத்தமும் முங்கும், தண்ணீர் ஓரமாக நீங்கள் போட்ட கோதுமையும் சேர்த்து. உலகம் 16-க்கு 16 கட்டத் துண்டுகளாகத்தான் ஓடுகிறது. பிளேயர் பக்கத்தில் இல்லாத துண்டு தூங்கிக்கொண்டிருக்கும். அது விழிக்கும்போதெல்லாம் இப்போது ஏற்றமா வற்றமா என்று பார்த்துத் தண்ணீரை மாற்றி எழுத வேண்டும். செய்யலாம், சும்மா வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். அந்த கேமில் நிலா 8 நிலைகளில் தேய்ந்து வளர்கிறது. பௌர்ணமி என்றால் சதுப்பு நிலத்தில் ஸ்லைம்கள் (பச்சைக் கூழ் உருவ எதிரிகள்) நிறைய வரும், அமாவாசை என்றால் வராது. பச்சைக் கூழுக்கு நிலா தெரிகிறது, கடலுக்குத் தெரியவில்லை!

ஓதத்தை உருப்படியாகச் செய்த கேமைச் சொல்லட்டுமா? சர்வைவலே இல்லை, போக்கிமான். 2002-ல் வந்த ரூபி, சஃபையர் இரண்டிலும் ஷோல் கேவ் என்று ஒரு குகை உண்டு. காலை 3 முதல் 9 வரை வற்றம், 9 முதல் மாலை 3 வரை ஏற்றம், இப்படி ஆறு ஆறு மணி நேரமாக மாறும். கேம் நேரம் இல்லை, கார்ட்ரிட்ஜுக்குள் ஓடும் நிஜக் கடிகார நேரம். ஏற்றத்தில் போனால் சிப்பி கிடைக்கும், வற்றத்தில் உப்பு. நாலு சிப்பியும் நாலு உப்பும் சேர்த்துக் கொடுத்தால் அங்கிருக்கும் பெரியவர் ஒரு சிப்பி மணி (ஷெல் பெல்) செய்து தருவார். உள்ளே இருக்கும் பனி அறைக்கு வற்றத்தில்தான் வழி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு கேமைத் திறந்தான் என்றால், அதுதான் வெற்றி. (அந்தக் கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்தால் கேம் ஓடும், ஓதம் நின்றுவிடும். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்குகிறவர்கள் கவனிக்க.)

2017-ல் வந்த ஸ்பிளாட்டூன் 2 கேமில், எதிரிகளோடு சண்டை போட்டு முட்டை சேர்க்கும் சால்மன் ரன் என்ற ஆட்டத்திலும் ஓதம் உண்டு. 100 விநாடிச் சுற்று மூன்று. ஏற்றம் வந்தால் நிற்கும் இடம் சுருங்கும்; வற்றம் வந்தால் முட்டையைப் போட வேண்டிய கூடையே கீழ்க்கரைக்குப் போய்விடும். ரகளையாக இருக்கும். ஆனால் அடுத்த சுற்றில் என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது. சண்டைக்கு அது போதும். பிழைத்துக் கிடக்க வேண்டிய கேமில் அப்படிச் செய்தால் பிளேயர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். எப்போது வரும் என்று தெரிந்தும் பேராசையால் பத்து நிமிடம் கூடுதலாக நின்று மாட்டிக்கொள்ள வேண்டும்.

நிஜத்தில் அது எவ்வளவு கொடூரம் என்பதற்கு இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடா சாட்சி. 2004 பிப்ரவரி 5 இரவு, அங்கே மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் மூழ்கி இறந்தார்கள். அந்த மாதிரி மணல்வெளியில் தண்ணீர் முன்னால் மட்டும் வராது. உங்களுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் கால்வாய்கள் முதலில் நிரம்பிவிடும், நீங்கள் நிற்கும் மணல் அப்போதும் காய்ந்தே இருக்கும். கேம் கடலில் நான் தேடுவது இந்த நடத்தையைத்தான். மட்டத்தை மட்டும் தூக்கி இறக்குவது குளியல்தொட்டி.

சரி, மைன்கிராஃப்டுக்கு ஒரு யோசனை: தினசரி ஓதத்தை விட்டுவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு மட்டும் பெரிய ஓதம். 8 நாள் சுழற்சியில் அது 80 நிமிடத்துக்கு ஒன்று. நிலாவைப் பார்த்தே கணித்துவிடலாம், புதிய கருவி எதுவும் வேண்டாம். மாட் (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்) எழுதத் தெரிந்த பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அளவுக்கு மட்டும் தூத்துக்குடிக் கடலைப் பிடிக்க வேண்டாம். அங்கே ஓதம் ஒரு மீட்டருக்குள். ஒரு கட்டம்கூட ஏறாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை ஏறுகிறது. அதில் கால்வாசி போதும்.