கிரகணமும் வெண்டைக்காயும்

கேள்வி: என் மகள் மேலுதடும் அண்ணமும் பிளந்து பிறந்தாள். 24 நாள் ஆகிறது. ஒரு வேளை பால் புகட்ட ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. அதிலும் மூக்கு வழியாக ஒழுகிவிடுகிறது. ஐந்தாம் மாதம் கிரகணத்தன்று நான் வெண்டைக்காய் நறுக்கியதால்தான் இப்படி என்கிறார் மாமியார். எந்நேரமும் அழுகையாக வருகிறது.
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கருவில் உதடு கூடுவது 4 முதல் 7 வாரத்துக்குள், அண்ணம் ஏறக்குறைய 9 வாரத்துக்குள். ஐந்தாம் மாதத்து அரிவாள்மனைக்கு அங்கே வேலையே இல்லை. நீங்கள் வாதாடாதீர்கள், அடுத்த தடவை மாமியாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், டாக்டரே சொல்லட்டும்.

இப்போது பாலுக்கு வருவோம். ஒன்றே கால் மணி வீதம் எட்டு வேளைக்குப் பத்து மணி நேரம்! தூங்காத உடம்பு அழாமல் என்ன செய்யும்? குழந்தையும் குடித்த தெம்பை உறிஞ்சியே தீர்த்துவிடும். ஒரு வேளையை அரை மணிக்குள் முடியுங்கள்.

அண்ணம் திறந்திருந்தால் காற்று ஒழுகும், காம்பைக் கவ்வினாலும் இழுக்க வராது. உங்களுக்குப் பால் போதவில்லை என்று அர்த்தமில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி, பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டுங்கள். பாலாடையை முதலில் தண்ணீரில் கொதிக்க வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைப் பிளவில்லாத பக்கக் கன்னத்துக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கவும். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. காற்றும் நிறைய உள்ளே போகும். நடுநடுவே தோளில் போட்டுத் தட்டுங்கள். மூக்கில் வந்தால் துடைத்துவிட்டுத் தொடரலாம். இருமி நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரி.

3 கிலோ குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 450 மில்லி. வாராவாரம் எடை பாருங்கள். 150 கிராம்கூட ஏறாவிட்டால் காட்டுங்கள். உதட்டு ஆபரேஷனுக்குப் பொதுவாக 10 வாரம், நாலரை கிலோ, ஹீமோகுளோபின் 10 எதிர்பார்ப்பார்கள். அண்ணத்துக்கு 9 மாதத்துக்கு மேல். குழந்தைகளின் பிறவிக் குறைகளுக்கு உதவும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் இந்தப் பிளவும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. அங்கே காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அண்ணப் பிளவில் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும்.

பீய்ச்சிய பாலைப் புகட்ட உங்கள் கணவருக்கும் கை உண்டு. ராத்திரி ஒரு வேளை அவர் பொறுப்பு. நீங்கள் அடுத்த அறையில் தூங்குங்கள்.

பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். உங்களுக்கு 24 நாள் தாண்டிவிட்டது, இனி தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தோடு தமிழிலேயே பேசலாம். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், செத்துவிடலாம் போலத் தோன்றினால், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற மாத்திரை தருவார்.