எண்பது என்று சொன்ன போதகருக்கு

கேள்வி: தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் 12 வருடமாகச் சபை நடத்துகிறேன். ஞாயிறு ஆராதனைக்கு 35 பேர் வருவார்கள். நடவு, அறுப்பு நாட்களில் அதுவும் குறையும். வேதாகமக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவருக்கு இன்று நகரத்தில் பெரிய சபை, ஞாயிறன்று மூன்று ஆராதனை, யூடியூப் சேனல். போன மாதம் போதகர்கள் கூடுகையில் ஒருவர் "எத்தனை ஆத்துமாக்கள் பிரதர்?" என்று கேட்க, "எண்பது" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தூங்கவில்லை. மனைவி தைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. நான் எதற்கும் உதவாதவனா?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த எண்பது. நானும் அந்த வேலை செய்தவன்தான். இளம் வயதில் ஒரு மிஷனில் இருந்தபோது மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'ஆத்துமாக்கள்' என்று ஒரு கட்டம். மாதாமாதம் பூஜ்யம் போட்டுக் கை கூசிப்போய், பக்கத்தில் இருந்த 'சந்தித்த வீடுகள்' கட்டத்தில் தாராளமாக எழுதுவேன். டீ குடிக்கப் போன வீடும் அதில் சேர்ந்துவிடும். பொய் பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் இருந்த பயம் எனக்குத் தெரியும்.

உங்களைத் தேற்ற வருகிறவர்கள் மிஷனரி ரிங்கல்தௌபே கதையைச் சொல்லியிருப்பார்கள். 1806-ல் குமரிப் பக்கம் மயிலாடிக்கு வந்தார். பத்து வருடம் உழைத்தார். 1816-ல் உடம்பு நலிந்து புறப்பட்டுப் போனார். அதற்கப்புறம் எங்கே, எப்படி இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. 'ஆனால் பாருங்கள், இன்று குமரி மாவட்டத்தில் எத்தனை சபைகள்!' என்று கதையை முடிப்போம். நானே மேடையில் அப்படி முடித்திருக்கிறேன். இப்போது அது எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் எண்ணிக்கைதானே? இப்போது இல்லை, பின்னால் வட்டியோடு வரும் என்கிறோம், அவ்வளவுதான். மயிலாடியில் ஒன்றுமே மிஞ்சாமல் போயிருந்தால் அந்த மனிதர் கர்த்தருக்கு வேண்டாதவர் ஆகியிருப்பாரா?

லூக்கா 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பப்பட்ட எழுபது பேரும் தோற்றுப்போய்த் திரும்பவில்லை. பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்று சந்தோஷத்தோடு வருகிறார்கள். அவர்களிடம்தான் இயேசு, அதற்காகச் சந்தோஷப்படாமல் "உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்" என்கிறார். தோற்றவனுக்குச் சொன்ன ஆறுதல் இல்லை இது. ஜெயித்து வந்தவனுக்குச் சொன்னது. உங்கள் நண்பருக்கும் இது வேண்டும், ஒருவேளை உங்களைவிட அதிகமாக. இன்னொன்று: மத்தேயு 10-ல் அசுத்த ஆவிகளைத் துரத்த அதிகாரம் பெற்ற பன்னிரண்டு பேர் பட்டியலில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்காரியோத்தும் இருக்கிறான். ஊழிய வல்லமையை வைத்து ஒருவனை எடை போட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும் பாருங்கள்.

யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றதும் வானத்திலிருந்து "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் வந்தபோது, இயேசு அதுவரை ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை, ஒருவரையும் சுகமாக்கியிருக்கவில்லை. முப்பது வயதுத் தச்சர். பிரியம் முதலில், வேலை பிறகு. நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

உங்கள் சபையில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருந்தால், "நீங்கள் இந்த வருடம் ஓர் ஆத்துமாவையும் கொண்டுவரவில்லையே" என்றா கேட்பீர்கள்? கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் உங்களை நேசிக்கிறார் பாட்டி" என்பீர்கள். 35 பேருக்கும் அந்தச் சுவிசேஷம். முப்பத்தாறாவது ஆளாகப் பின்னால் நிற்கிற உங்களுக்கு மட்டும் வேறு சட்டமா?

மனைவியின் தையலைப் பற்றிக் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பவுல் கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தவர். நீங்களும் வாரத்தில் நாலு நாள் ஒரு வேலை பார்த்தால் ஊழியம் குறைந்துபோகாது. பணக் கஷ்டத்தைப் பணக் கஷ்டமாகவே பாருங்கள், அதை உங்கள் மேல் எழுதிய தீர்ப்பாக வாசிக்காதீர்கள். அழைப்பைப் பற்றிய சந்தேகம் தனி விஷயம். உங்களை நன்றாக அறிந்த மூத்த போதகர் ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டியது, தலையை எண்ணி முடிவு செய்ய வேண்டியது இல்லை. நாளைக்கே நீங்கள் ஊழியத்தை விட்டாலும், தேவனுடைய பிள்ளை பிள்ளைதான்.

அப்புறம், அந்த யூடியூப் சேனலைக் கொஞ்ச நாள் பார்க்க வேண்டாம். நண்பருக்குப் போன் போடுங்கள். பழைய ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசுங்கள். சபையைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் எப்படித் தூங்குகிறார் என்று கேளுங்கள்.

அடுத்த மாதக் கூடுகையில் எண்பதைக் கேட்ட அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, "முப்பத்தைந்து பிரதர், அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.