குடுவைக்குள் வளரும் பூச்செடியும் தங்கள் மகளின் மேற்படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல், ஜெர்பரா, ஆர்க்கிட் போன்ற பூச்செடிகளைத் திசு வளர்ப்பு முறையில், அதாவது செடியின் சிறு துண்டைக் கிருமியற்ற குடுவைக்குள் வளர்த்துப் பல கன்றுகளாக்கும் முறையில், பெருக்கும் தொழிலைத்தான் கற்பேன் என்று +2 முடித்த தங்கள் மகள் உறுதியாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?" என்ற தங்கள் கேள்விக்கு, அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லாமல் பதில் எழுதுவது சரியாகாது.

முதலில், எல்லாப் பூவுக்கும் திசு வளர்ப்பு தேவையில்லை. மல்லிகையைக் குச்சி நட்டும் பதியம் போட்டும், ரோஜாவை மொட்டு ஒட்டுக் கட்டியும் நம் விவசாயிகளே குறைந்த செலவில் பெருக்கிவிடுகிறார்கள். ஜெர்பராவின் கதை வேறு: விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் நிறத்தையும் அளவையும் அப்படியே தருவதில்லை, தூரைப் பிரித்து நட்டாலோ சில கன்றுகளே கிடைக்கும், ஆகவே ஒரே மாதிரியான ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கு ஆய்வகத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு மிகமிகக் குறைவு; இயற்கையில் பூஞ்சையின் துணையோடு முளைக்கும் அதனைச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் (செடிக்கு வேண்டிய சத்துகள் அடங்கிய கூழில்) தனியாக முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நுட்சன் காட்டிய வழியே இன்றுவரை பயன்படுகிறது.

வேலை என்னவென்றால், காற்று வடிகட்டும் மேடையின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து, இடுக்கியாலும் கத்தியாலும் தளிர்களைப் பிரித்து, 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமி நீக்கிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பதுதான். கவனக்குறைவாக ஒரு முறை கை பட்டால் குடுவையே பூஞ்சை பிடித்துப் போய்விடும். பட்டம் பெற்றவர்களும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறார்கள்; தொடக்கச் சம்பளம் தாங்கள் மனத்தில் வைத்திருக்கும் மருத்துவர் வருமானத்தோடு ஒப்பிடத் தக்கதன்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் இத்தொழிலில் உயர்பவர்கள் குடுவைக்கு வெளியே நடப்பதையும் அறிந்தவர்களே. ஈரம் மிகுந்த குடுவைக்குள் வளர்ந்த கன்றின் இலையில் மெழுகுப் படலம் சரியாக உருவாகியிருக்காது, இலைத்துளைகளும் நன்றாக மூடாது. அதனால் வெளிக்காற்று பட்டவுடன் வாடிவிடும். தென்னை நார்க்கழிவு நிரப்பிய தட்டுகளில் வைத்து, ஈரப்பதத்தைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்துப் பழக்கும் இந்தக் கட்டத்தில்தான், ஆய்வகத்தில் ஈட்டிய இலாபம் கைக்கு வருவதும் கரைவதும் முடிவாகின்றன.

இந்தக் காரணத்தால், உயிரித் தொழில்நுட்பப் பட்டத்தைவிட நான்காண்டு தோட்டக்கலைப் பட்டத்தையே தங்கள் மகளுக்கு முதலில் பரிந்துரைப்பேன். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டையும் வழங்குகிறது; இவற்றுக்கு நீட் தேர்வு தேவையில்லை, +2 மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. மண், நோய், பூச்சி, சந்தை ஆகியவற்றைக் கற்றபின் திசு வளர்ப்பை முதுகலையில் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். ஆராய்ச்சியில்தான் நாட்டம் என்றால் உயிரித் தொழில்நுட்பம் பொருந்தும்.

"வீட்டிலேயே ஆய்வகம் அமைத்து இலட்சங்களில் சம்பாதிக்கலாம்" என்று சொல்லிச் சில நாள் பயிற்சிக்குப் பெருந்தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வணிக ஜெர்பரா இரகங்கள் பலவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுமதியின்றிப் பெருக்கி விற்பது வழக்கில் முடியலாம். அரசு 2006-இல் தொடங்கிய திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை பற்றி அந்தப் பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள்; பதில் தெரியாமல் விழிப்பாரானால் பணம் கட்ட வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்கத் தங்கள் மகளுக்கு அனுமதி கேளுங்கள். முதல் மூன்று நாள் குடுவை கழுவவே சொல்வார்கள். அதைச் சலிக்காமல் செய்கிறாரா என்று பாருங்கள். தாங்களும் உடன் செல்லலாம், ஆனால் தளிர்களைப் பிரித்து மாற்றும் அறைக்குள் விடமாட்டார்கள். கன்று பழக்கும் நிழல்வலைக் கூடத்தில் காத்திருங்கள், அங்கு வேலை செய்பவர்களிடம் எத்தனை கன்று பிழைக்கிறது என்று கேட்கலாம்.