ஆல்பர்ட் ஹாலில் ஒரு கிளப் பாடகர்

வணக்கம் சார்,

இங்கிலாந்து பாப் பாடகர் ராபி வில்லியம்ஸின் வாழ்க்கையைச் சொல்லும் 'பெட்டர் மேன்' படத்தைப் பற்றி எழுதும்போது, அவர் 2001-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பாடிய ஸ்விங் (பெரிய பேண்டோடு வரும் பழைய அமெரிக்க ஜாஸ் பாணி) கச்சேரியை 'இருபது வருடமாக அலுக்காதது' என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி இரண்டு இரவு உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது.

நான் முப்பது வருடமாக, அந்தப் பாணியின் பெரிய பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைக் கேட்கிறவன். அந்த உரிமையில் சொல்கிறேன். கோட்டு சூட்டு மாட்டி, பின்னால் பெரிய பேண்டை உட்காரவைத்து, பழைய இசைக்கோர்ப்பை வரி பிசகாமல் வாசிக்கவிட்டால் அது ஸ்விங் ஆகிவிடுமா? 'மேக் த நைஃப்' அப்படியே பழைய பாடகர் பாபி டேரின் பாடியதுதான். செத்துப்போன சினாட்ராவின் குரலோடு டூயட் வேறு. 27 வயதில் 'மை வே' பாடுகிறார், வாழ்ந்து முடித்தவர்போல! இதை மாறுவேடப் போட்டி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அன்றைக்குப் பாடியதில் அவருடைய பாட்டு என்று எத்தனை தேறும்? நீங்கள் எதைக் கேட்டு மயங்கினீர்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

கூடுதல் வேதனை: உடன் பார்த்த என் மகளுக்கு (வயது 16) மிகவும் பிடித்துவிட்டது. வீட்டில் இப்போது அதுதான் ஓடுகிறது. அவளுக்கு ஒரிஜினலைக் காட்ட எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் எரிச்சலில் முக்கால் பங்கு நியாயம். மிச்சம் கால் பங்குக்காகத்தான் இந்தப் பதில்.

முதலில் நியாயமான பங்கு. ஸ்விங் என்றால் என்ன என்று நண்பர்கள் கேட்டால் நான் ஒரு வித்தை செய்வேன். 'தகிட தகிட' என்று சீராகச் சொல்லச் சொல்வேன். பிறகு நடுவிலுள்ள 'கி'யை விழுங்கி, 'த'வை அதன் இடம்வரை இழுத்து, 'தா-ட, தா-ட' என்று சொல்லச் சொல்வேன். அந்த நொண்டல்தான் விஷயம். டிரம்மரின் வலது கை சிம்பலில் அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். பாட்டு நாலு நாலு எண்ணிக்கையாக ஓடும்; பாஸ் வாசிப்பவர் எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நாலையும் நடந்துகொண்டே இருப்பார். சொடுக்கு இரண்டிலும் நாலிலும் விழவேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் சொடுக்கிப் பாருங்கள், பாட்டு அப்படியே பேண்டு வாத்திய அணிவகுப்பாகிவிடும். வேகம் கூடினால் 'தா'வின் இழுப்பு குறையும், குறைந்தால் கூடும். எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. வாசிக்கிற உடம்புக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பாடகருக்கு இதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. அடி போன பிறகு சாவகாசமாக வந்து உட்காரவேண்டும், ஆனால் தாமதமாக வந்தவர்போலத் தெரியக்கூடாது. சினாட்ரா அதைக் கற்றது டிரம்போன்காரரும் பேண்டு தலைவருமான டாமி டார்ஸியிடம். 1940-இலிருந்து 42 வரை அவர் குழுவில் பாடியபோது, எங்கே மூச்சு வாங்குகிறார் என்றே தெரியாமல் டார்ஸி டிரம்போனில் நீள நீளமாக வாசிப்பதைக் கவனித்திருக்கிறார். அந்த மூச்சு தனக்கும் வேண்டும் என்று தண்ணீருக்கடியில் நீந்திப் பழகினார். மூச்சுக் கையிருப்பு இருக்கிறவருக்கு அவசரம் இல்லை. ஒரு வரியின் முடிவை அடுத்த வரியோடு ஒட்டிவிடுவார், இல்லாவிட்டால் ஒரு சொல்லை அந்தரத்தில் நிறுத்திவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். ராபிக்கு இது வராது. பாப் பாடிப் பழகிய தொண்டை அடிமேல்தான் உட்காரும். நீங்கள் சொன்னது சரி.

'மேக் த நைஃப்' பற்றியும் சொன்னது சரி. 1928-இல் பெர்லினில் பிரெக்ட்டும் குர்ட் வெய்லும் ஒரு நாடகத்துக்காக எழுதிய கொலைகாரன் பாட்டு அது. ஆங்கிலத்துக்கு வந்து, ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பாடி, 1959-இல் டேரின் கையில் பெரும் வெற்றி பெற்றது. பிணங்கள் கூடக் கூட சுருதியும் அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏறும் அந்தக் குறும்பு டேரின் பதிவில் இருப்பது. ஆல்பர்ட் ஹாலில் கேட்பது அதே படிக்கட்டுதான். ஆனால் டேரினுக்கு அடுத்த வருடம் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். பெர்லின் மேடையில், பாதியில் வரிகள் மறந்துவிட்டன. வரி மறந்துபோச்சு என்பதையே தாளம் பிசகாமல் பாட்டாக்கி, டேரினையும் ஆம்ஸ்ட்ராங்கையும் உள்ளே இழுத்து, ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்புக் குரலையும் போட்டுக்காட்டி முடித்தார். அந்தப் பதிவுக்கு கிராமி விருதே கிடைத்தது. ராபிக்கு ஒரு வரியும் மறக்கவில்லை. அதுதான் குறை.

'அவருடைய பாட்டு எத்தனை' என்ற கேள்வியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தக் கச்சேரிக்கு அடிப்படையான 'ஸ்விங் வென் யூ ஆர் வின்னிங்' ஆல்பத்தில், ராபியும் அவரோடு பாட்டெழுதும் கை சேம்பர்ஸ் என்பவரும் சேர்ந்து எழுதிய புதிய பாட்டு ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் பழையது. இருந்துவிட்டுப் போகட்டும். பிராட்வே மேடைக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் என்று எழுதப்பட்டு, நாடகமும் படமும் மறந்துபோன பிறகும் ஊர்ப் பொதுச்சொத்தாக நின்றுவிட்டவைதான் ஸ்டாண்டர்ட்ஸ். ரோட்ஜர்ஸ், ஹார்ட் என்ற பிராட்வே ஜோடி 1937-இல் எழுதிய பாட்டை யார் பாடினாலும் 'சொந்தப் பாட்டு இல்லையா?' என்று அங்கே எவரும் கேட்கமாட்டார்கள். நம் சபாவில் 'எந்தரோ மஹானுபாவுலு' பாடுகிறவரிடம் அப்படிக் கேட்டால் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

ஆகவே வழக்கு இதுதான்: அன்றைய மேடையில் ராபியை யார் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது? நீங்கள் சினாட்ரா பக்கத்தில் நிறுத்துகிறீர்கள். நான் அவருடைய அப்பா பக்கத்தில் நிறுத்துகிறேன்.

அப்பா பெயர் பீட் கான்வே, மேடைக்காக வைத்துக்கொண்டது. மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊர்க்காரர். கிளப்புகளில் ஜோக் சொல்லிப் பாடுவதுதான் பிழைப்பு. ராபிக்கு மூன்று வயதாகும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். சினாட்ரா, டீன் மார்ட்டின் பைத்தியம் மட்டும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் தொழிலாளர் கிளப்புகள் எப்படியிருந்தன என்பதை அறிந்தால் ஆல்பர்ட் ஹால் கச்சேரி வேறு மாதிரி கேட்கும். ஷிப்டு முடிந்து பீர் குடிக்க வந்தவர்கள் முன்னால் பாடவேண்டும். ஒரு பக்கம் பேச்சு, ஒரு பக்கம் சிரிப்பு. நடுவில் பிங்கோ என்ற சீட்டு விளையாட்டுக்கு எண் கூப்பிட ஆரம்பித்தால் பாடகர் வாயை மூடிக்கொள்ளவேண்டும், கிளப்பில் பிங்கோதான் பெரிய வித்வான். இந்தக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்த குரல் மட்டும் போதாது. புருவம் வேண்டும், நேரம் பார்த்துச் சொல்லும் ஒரு வசை வேண்டும், தன்னைத்தானே கேலி செய்துகொள்ளத் தெரியவேண்டும்.

எனக்கு இது புரிந்தது என் சித்தப்பாவால். திண்டுக்கல் பக்கத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு போய் டி.எம்.எஸ். பாட்டுப் பாடியவர். குரல் டி.எம்.எஸ். மாதிரியே இருக்காது, கொஞ்சம் மூக்கால் வரும். ஒருநாள் மைக் 'கீ' என்று கத்திக்கொண்டே இருந்தது. பாட்டை நிறுத்தவில்லை, சரணத்தின் கடைசிச் சொல்லை அந்தக் 'கீ' சுருதியிலேயே பிடித்து இழுத்தார் பாருங்கள், கூட்டம் எழுந்துவிட்டது. இதை வித்வத் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்த வருடமும் ஊரார் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இப்போது அந்தக் கச்சேரியை இந்தக் காதோடு கேளுங்கள். 2001 அக்டோபர் 10. ஹால் எப்பேர்ப்பட்டது! 1871-இல் திறந்தது, ஐயாயிரத்துக்கு மேல் இருக்கைகள். அதன் எதிரொலி அவ்வளவு பிரசித்தம். இங்கே வாசித்தால் இங்கிலாந்து இசையமைப்பாளர்கள் தங்கள் படைப்பை இரண்டாவது தடவையும் கேட்டுவிடலாம் என்று பழைய ஜோக்கே உண்டு. 1969-இல்தான் கூரையிலிருந்து காளான் மாதிரி தட்டுகளைத் தொங்கவிட்டு அதை அடக்கினார்கள். சினாட்ராவே பாடிய மேடை. அங்கே சீமான்கள்போல உடுத்தி வந்த கூட்டத்தை, பீர் வாசனை அடிக்கிற கிளப்பை நடத்துகிற மாதிரி நடத்துகிறார் ராபி. ஆல்பத்தின் பெயரே அந்தக் குறும்பைச் சொல்லும். 'ஜெயிக்கும்போது மட்டும்தான் பாடுவீங்களா' என்று கால்பந்து மைதானத்தில் எதிரணி ரசிகர்களைச் சீண்டும் பாட்டை எடுத்து 2000-இல் ஓர் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார். மறுவருடம் அதில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தார், 'சிங்' 'ஸ்விங்' ஆனது. பதிவுசெய்தது ஹாலிவுட்டின் கேப்பிட்டல் ஸ்டூடியோவில், சினாட்ரா பாடிய அதே இடம். அந்த பக்தியும் மைதானத்து வம்பும் ஒரே ஆளிடம் இருக்கின்றன.

எங்கே உச்சம் என்று கேட்டால், ஜொனதன் வில்க்ஸோடு பாடும் 'மீ அண்ட் மை ஷேடோ'வைச் சொல்வேன். 1927-இல் எழுதிய பாட்டு, சினாட்ராவும் சாமி டேவிஸ் ஜூனியரும் 1962-இல் சேர்ந்து பாடியது. வில்க்ஸ் ராபியின் நெருங்கிய நண்பர், அவரும் ஸ்டோக் ஆள்தான். இரண்டு ஊர்ப் பையன்கள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் வாரிக்கொள்கிறார்கள். அந்த மூன்று நிமிடமும் ராபி அடிமேல் உட்காருவதில்லை. ஜோக்கின் நேரக் கணக்கு இரத்தத்தில் இருப்பதால், சொல் தானாகவே அடிக்குப் பின்னால் நழுவுகிறது. சினாட்ரா மூச்சால் செய்ததை இவர் கிண்டலால் செய்துவிடுகிறார். தூக்கம் வராத இரவுகளில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

சினாட்ராவோடு டூயட் விஷயம். இறந்தவரிடம் கேட்காமல் அவரோடு சேர்ந்து பாடுவது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் 'இட் வாஸ் எ வெரி குட் இயர்' பதினேழு வயதில் தொடங்கி முதுமையில் முடிகிற பாட்டு. 1965-இல், ஐம்பதைத் தொடும் வயதில் சினாட்ரா பதிவுசெய்தது. ராபி இளமைக்குரிய பகுதியைப் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், முதிய பகுதிக்குக் கிழவரின் குரல் வருகிறது. தனக்கு எட்டாத இடம் எது என்று தெரிந்து வழிவிட்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த விவேகம் 'மை வே'யில் இல்லை. அங்கே உங்கள் கட்சிதான் நான். பிரெஞ்சில் அது பழகிப்போய் உலர்ந்துவிட்ட ஒரு தாம்பத்தியத்தைப் பற்றிய பாட்டு, 1967-இல் கிளாட் ஃபிரான்சுவா பாடியது. பாடகர் பால் ஆங்கா ஆங்கிலத்தில் அதைக் கிழவரின் மார்தட்டலாக மாற்றிவிட்டார். சினாட்ரா பதிவுசெய்தபோது அவருக்கு 53, பிற்காலத்தில் அவருக்கே அந்தப் பாட்டைப் பிடிக்காமல் போனது. 27 வயதுக்காரருக்கு எப்படிப் பொருந்தும்? 'பெட்டர் மேன்' எடுத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். ஆல்பர்ட் ஹால் காட்சியில் அதே பாட்டுக்கு அப்பாவை மேடையேற்றிவிட்டார்கள். சினிமாத்தனம்தான். ஆனால் 2017 சுற்றுப்பயணத்தில் பீட் கான்வே நிஜமாகவே மகனோடு மேடையில் நின்று 'ஸ்வீட் கேரலைன்' பாடினார். கிடைத்தால் பாருங்கள். பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாப்பிலிருந்து வந்து இதை இசையாகவே வென்றவர் வேண்டுமென்றால், அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் இருக்கிறார். 1983-இல், கம்பெனிக்காரர்கள் தயங்கியபோதும், சினாட்ராவின் இசைக்கோர்ப்பாளர் நெல்சன் ரிடிலிடமே நேராகப் போய் நின்றார். பழைய கோர்ப்பைக் கடன் வாங்காமல் தனக்கென்று புதிதாக எழுதவைத்தார். 1985-இல் ரிடில் சாகும்வரை சேர்ந்து மூன்று ஆல்பம். உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மகளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். லாஸ் வேகஸ் சாண்ட்ஸ் ஹோட்டலில் ஜாஸ் பியானோக்காரர் கவுன்ட் பேசியின் குழுவோடு சினாட்ரா பாடி 1966-இல் வெளிவந்த நேரடிப் பதிவைக் கொடுங்கள், குவின்ஸி ஜோன்ஸ் கோர்ப்பு. நடுவில் 'த டீ பிரேக்' என்று ஒன்று வரும். பாட்டே கிடையாது. பத்து நிமிடத்துக்கு மேல் சினாட்ரா ஜோக் சொல்லிக்கொண்டே இருப்பார், பாதி ஜோக்குகள் இன்றைக்குச் சிரிப்பு வராதவை. முப்பது வருடமாக நீங்கள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மகளைத் தள்ளவிடாதீர்கள்.

அன்புடன்