மூன்றாம் நாளில் மூளை வீக்கம் கூடியது ஏன்?

விபத்தன்று எடுத்த ஸ்கேனில் சிறு இரத்தக் கசிவு மட்டுமே தெரிந்த உங்கள் தம்பிக்கு மூன்றாம் நாள் வீக்கம் கூடியதால், முதலில் எதையோ கவனிக்காமல் விட்டார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. மூளையின் நுண்குழாய்ச் சுவர்ச் செல்களை இடைவெளியின்றிப் பிணைத்திருக்கும் புரதங்கள் அடிபட்ட கணத்தில் ஓரளவே சிதைகின்றன. பின்னர் எழும் அழற்சியில் சுரக்கும் நொதிகள், குறிப்பாக மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்-9, அந்தப் பிணைப்பையும், அச்செல்களைத் தாங்கும் மெல்லிய அடிச்சவ்வையும் நாள்கணக்கில் அரிப்பதால், இரத்தத்திலுள்ள அல்புமின் போன்ற புரதங்கள் திசுவுக்குள் கசிந்து நீரையும் உடன் இழுக்கின்றன. (செல்களே நீர் கோத்து வீங்குவது வேறு வகை, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.) ஆக்சிஜன் குறைவு, இரத்த அழுத்தச் சரிவு, காய்ச்சல், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை சேதத்தை மோசமாக்கும் என்பதால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இவற்றை ஓயாமல் கண்காணிக்கிறார்கள். அழற்சியைத் தணிக்கும் மருந்தான ஸ்டீராய்டைத் தராதது சரியே: தலையில் அடிபட்ட சுமார் 10,000 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான கிராஷ் ஆய்வில், அதைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது.